கிளெம் இன்னும் ஆமென் சொல்லவில்லை

— எடுக்கலை அக்கா, இன்னும் ஓட்டு எடுக்கலை. கவுன்சில் கூட்டம் ஆரம்பிச்சாச்சு, ஆனா ஆரம்பிக்கலை.

— பிப், ஞாயித்துக்கிழமை பிரசங்கமும் இப்படித்தான் பண்றியா? அதான் பின்வரிசையே தூங்குது. புரியற மாதிரி சொல்லு.

— கத்தாத. டவுன்ஹால் சமையலறையில நிக்கிறேன். டீ குடுக்கிற சின்ன ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வெச்சு, பூசணி ஸ்கோன் ரொட்டித் தட்டுக்குப் பின்னாடி தலையை ஒளிச்சுக்கிட்டுப் பேசுறேன். ஒரு போதகர் செய்யற வேலையா இது?

— அக்காவுக்காகத் தங்கச்சி செய்யற வேலை. அப்புறம்?

— முதல்ல நீ சொல்லு. தண்ணி எவ்வளவு?

— தரைப்பாலமே கண்ணுக்குத் தெரியலை. ஆழம் காட்டுற கம்பம் பாதி முழுகிக் கிடக்கு. அந்தப் பக்கம் மேயர் வெச்ச போர்டு மட்டும் பளிச்சுனு இருக்கு, 'தல்காரா உங்களை அன்போடு வரவேற்கிறது'ன்னு. கண்றாவி. வண்டிக்குள்ள உக்காந்து அதையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருக்கேன்.

— வண்டியைத் தண்ணியில இறக்கிடாத.

— எனக்கென்ன பைத்தியமா? என்னோட மாடே கரையில நின்னு வேடிக்கை பாக்குது.

— போன மாசக் கூட்டத்துல மேயர் வார்விக் மழை வேணும்னு உருகி உருகி ஜெபம் பண்ணாரே. பலிச்சிடுச்சு போல.

— பலிச்சது அவருக்கு. நனையறது நானு. பிப், நான் காலையில கவுன்சில் ஆபீசுக்குப் போன் பண்ணி, வெள்ளத்துல மாட்டிக்கிட்டேன், லேட்டாகும்னு சொன்னேனே. மேயர்கிட்ட சொன்னாங்களா?

— சொன்னதுதான் வினை. அதைக் கேட்டதும் அந்த மனுஷன் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரேன், ஈஸ்டர் காலையிலகூட நான் அப்படி ஒரு முகத்தைப் பாத்ததில்லை. பட்டியல்ல கடைசியில இருந்த கிளெம்மோட 'கூட்டத்துல ஜெபம் வேண்டாம்' தீர்மானத்தைத் தூக்கி முதல்ல வெச்சுட்டார். ஜெபம் முடிஞ்ச கையோட ஓட்டு.

— நான் இல்லாட்டி மூணுக்கு மூணு. சமமா வந்தா மேயருக்கு இன்னொரு ஓட்டு. தீர்மானம் தோத்துடும்.

— நீ இருந்தா நாலுக்கு மூணு. ஜெயிச்சிடும். அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். போன்ல ஓட்டுப் போட வழியில்லையா அக்கா?

— இல்லை. கடற்கரையில படுத்துக்கிட்டே கூட்டத்துல கலந்துக்கிறாங்கன்னு சொல்லி அதை நிறுத்தணும்னு தீர்மானம் கொண்டு வந்ததே நான்தான். சிரிக்காத.

— சிரிக்கலை. ஸ்கோன் தொண்டையில மாட்டிக்கிச்சு.

— கிளெம்முக்கு இதுதான் கடைசிக் கூட்டம், பிப். அடுத்த தேர்தல்ல அவர் நிக்கலை. வீட்டு வாசல்ல விலைக்குன்னு பலகை தொங்குது. தெற்குக் கோடியில இருக்கிற ஹோபார்ட்டுக்கு, மகன் வீட்டுக்குப் போறார். கவுன்சில் கூட்டத்துல ஜெபம் வேண்டாம்னு பன்னெண்டு வருஷமா தலைகீழா நின்ன மனுஷன். ஒவ்வொரு தடவையும் தோத்தார். இந்தத் தடவைதான் நான் ஓட்டுப் போடறேன்னு வாக்குக் குடுத்தேன். கடைசியில என்னாலயே தோக்கணுமா?

— அதைத்தான் சொல்ல வரேன். ஜெபம் முடிஞ்சாதானே ஓட்டு? ஜெபம் முடியலை.

— இன்னுமா? பத்து மணிக் கூட்டம். இன்னிக்கு யாரு ஜெபம் பண்றது, அந்தக் கோழிப்பண்ணைக்காரக் கவுன்சிலரா?

— கிளெம்.

— யாரு?

— கிளெம்தான் அக்கா. கிளெம் டன்னிக்ளிஃப். ஊருக்கெல்லாம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக் குடுத்து, சர்ச்சுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வர்ற அதே கிளெம்.

— விளையாடாத.

— சத்தியமா. முறைப்படி இன்னிக்கு அவர் பேருதான். எப்பவும் அவர் முறை வந்தா கையை ஆட்டிட்டு அடுத்தவருக்கு விட்டுடுவாரே. மேயரும் அந்த நினைப்புல, கவுன்சிலர் டன்னிக்ளிஃப் வழக்கம் போல வேண்டாம்னு சொல்வார், அடுத்தவர் எழுந்திரிக்கலாம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள, இவர் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து நின்னுட்டார். 'இல்லை, நான் பண்றேன்'னு சொன்னார். செயலாளர் கையில இருந்த தண்ணி டம்ளர் சாஞ்சு மேஜையெல்லாம் தண்ணி.

— அடப்பாவி.

— கையைக் கட்டினார், கண்ணை மூடினார், ஆரம்பிச்சுட்டார்.

— எப்படி ஆரம்பிச்சார்?

— 'மேலே இருக்கிறவரே, நீங்க இருந்தீங்கன்னா'ன்னு.

— கடவுளே. நீ என்ன பண்ணே?

— என்ன பண்றது? தொழில்முறையில சொல்றேன், அதுல ஒரு தப்பும் இல்லை. என் ஜெபத்துல பாதி அப்படித்தான் ஆரம்பிக்குது. நான் வெளியில சொல்றதில்லை, அவ்வளவுதான்.

— மேயர் சும்மாவா இருக்கார்?

— வேற வழி? எல்லாம் அவரே போட்ட விதி. நினைவிருக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி அவர் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கும்போது கிளெம் நடுவுல கையைத் தூக்கி, தரைப்பாலத்தைக் கடவுள் எந்த வாரம் சரி பண்ணப் போறார், வேலைக்கு ஆள் அனுப்பணுமான்னு கேட்டாரே?

— அந்தக் கூத்துக்கு அப்புறம்தானே விதியே போட்டாங்க.

— அதேதான். ஜெபம் நடக்கும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, உக்காரக்கூடாது, வெளியே போகக்கூடாது. ஜெபம் பண்றவர் ஆமென் சொன்னாத்தான் முடிஞ்சதா அர்த்தம். அதுக்கப்புறம்தான் யார் வந்திருக்காங்கன்னு பேர் கூப்பிடுவாங்க. எவ்வளவு நேரம்னு மட்டும் எழுத மறந்துட்டாங்க. மத்த எல்லாப் பேச்சுக்கும் அஞ்சு நிமிஷம்.

— ஜெபத்துக்கு அளவு கிடையாது.

— கிடையாது. மேயர் செயலாளர் காதுல என்னமோ கேட்டார். அவர் விதிப் புத்தகத்தை முன்னேயும் பின்னேயும் புரட்டிட்டுத் தலையை ஆட்டினார். இப்போ எல்லாரும் நிக்கிறாங்க. மேயர் கால் மாத்திக் கால் நிக்கிறார்.

— அவருக்கு வலது முழங்கால் ஆபரேஷன் ஆச்சே.

— அதுக்கும் கிளெம் வேண்டிக்கிட்டார். 'எங்க மேயரோட வலது முழங்காலை நினைச்சருளும், இடது முழங்காலையும் சேர்த்தே நினைச்சருளும், ஏன்னா இன்னிக்கு அதுக்கும் வேலை இருக்கு'ன்னு.

— அந்த ஆளு நரகத்துக்குத்தான் போவார்.

— அப்படி ஒரு இடம் இல்லைன்னுதான் அவர் தைரியமா நிக்கிறார். அக்கா, உனக்காகத்தான் இதெல்லாம். நீ வர்ற வரைக்கும் இழுக்கிறார்.

— எனக்காக இல்லை, என் ஓட்டுக்காக. இப்போ எங்க வந்திருக்கார்?

— ரோடுகள்ல. ஒவ்வொரு ரோடாப் பேர் சொல்லி நன்றி சொல்றார். பள்ளத்துக்கெல்லாம் தனித்தனியா. 'கசாப்புக் கடை முன்னாடி இருக்கிற பள்ளத்துக்காக உமக்கு நன்றி, அதுல தவளை குடும்பம் நடத்துது'. யாரோ சிரிச்சுட்டாங்க. மேயர் முறைச்சார்.

— நீ ஏன் சந்தோஷமா இருக்க? உன் பிழைப்பையே கேலி பண்றார்.

— முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. இது சுத்த ஏமாத்து வேலைதானே. ஆனா எத்தனை தடவை இவங்க என்னையும் கூப்பிட்டு ஜெபம் பண்ண வெச்சிருக்காங்க தெரியுமா? நான் ஆமென் சொல்லி வாயை மூடறதுக்குள்ள குப்பை வண்டிக் கட்டணத்தை ஏத்திடுவாங்க. கல்லறை நிலத்துக்கு வரி போட்டதும் என் ஜெபத்துக்கு அடுத்த நிமிஷம்தான். கடவுளே கையெழுத்துப் போட்ட மாதிரி. எனக்கு என் கடவுளைத் திருப்பிக் குடுத்தாப் போதும். நீ கிளெம்முக்கு ஓட்டுப் போடு.

— நல்ல போதகர்டி நீ.

— நீயும்தான் ஞாயிறு தவறாம முன்வரிசை. அப்புறம் எதுக்கு அவருக்கு வாக்குக் குடுத்தே?

— கேட்டார். குடுத்தேன்.

— பன்னெண்டு வருஷமாக் கேக்கிறார்.

— இந்தத் தடவை ஒழுங்காக் கேட்டார். கதையை வளர்க்காத. என்ன சொல்றார் இப்போ?

— சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம். 'எங்களுக்குள்ள இருந்து வர்றதை எல்லாம் பொறுமையா ஏத்துக்கிற அந்தத் தொட்டிகளைப் போல எங்களுக்கும் பொறுமை தாரும்'. அக்கா, தொழில்முறையில சொல்றேன், இது நல்ல வரி. நான் திருடிக்கப் போறேன்.

— தண்ணி ஒரு சாண் இறங்கியிருக்கு பிப். கம்பத்துல சேத்துக் கோடு தெரியுது.

— வருவியா?

— எனக்கெப்படித் தெரியும்? மழை விட்டா இறங்கும். அவரால தாக்குப் பிடிக்க முடியுமா?

— தொண்டை கட்ட ஆரம்பிச்சிருக்கு. இப்போ குழாய்க் கிணத்துக்கு வந்துட்டார், அவர் சொந்த ஏரியா. தான் தோண்டின ஒவ்வொரு கிணத்தையும் பேர் சொல்றார். எத்தனை ஆழத்துல தண்ணி வந்துச்சு, எதுல உப்பு, எதுல கந்தக வாசனைன்னு. இந்த வட்டாரம் பூராவும் தோண்டியிருக்கார். இது முடியறதுக்குள்ள உன் ஆறே வத்திடும்.

— என் பண்ணைக் கிணத்தைச் சொன்னாரா?

— சொன்னார்.

— என்ன சொன்னார்?

— ஹலோ? அக்கா? கேக்குதா? நெரிடா அக்கா?

— ம். இப்போ கேக்குதா?

— எவ்வளவு நேரமா ஹலோ ஹலோன்னு கத்துறேன். எங்க போனே? ஒரு மணி நேரமாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், எடுக்கவே இல்லை.

— சிக்னல் போயிடுச்சு. மழை.

— மழைச் சத்தமே காணோமே.

— நின்னுடுச்சு. இன்னும் ஜெபம் நடக்குதா?

— நடக்குது. கோழிப்பண்ணைக்காரர் சுவத்துல சாஞ்சுட்டார். சாயறது உக்கார்றதுல சேருமான்னு செயலாளர் புத்தகத்தைப் பாக்கிறார். தண்ணி இறங்கிச்சா?

— என் பண்ணைக் கிணத்தைப் பத்தி என்ன சொன்னார்னு கேட்டேனே.

— அதுவா? 'நெரிடா பண்ணைக் கிணறு, மூணு தடவை தோண்டி மூணு தடவையும் பொய்த்தது. நாலாவது தடவை அவ காட்டின இடத்துல தோண்டினேன், வந்துச்சு. அதுக்கும் நன்றி, ஆனா அதை அவகிட்ட நான் இதுவரைக்கும் ஒத்துக்கிட்டதில்லை'ன்னு.

— பாத்தியா. நான் தற்செயலாக் காலால கோடு போட்ட இடம்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார்.

— அக்கா, உன் போன்ல நாய் குரைக்குதா? இங்க டவுன்ஹால் வாசல்லயும் ஒண்ணு குரைக்குது.

— எல்லா ஊர்லயும்தான் நாய் குரைக்குது. நீ ஜன்னல்ல காதை வை. ஏன் ஹாலே அமைதியா இருக்கு?

— தெல்மாவைப் பத்திப் பேசுறார்.

— அவர் பெண்டாட்டியைப் பத்தியா? அவர் பேச மாட்டாரே. செத்து இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்லை.

— இப்போ பேசுறார். மெதுவா. இரு, கேட்டுச் சொல்றேன். அன்னிக்கு தெல்மாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப இதே தரைப்பாலம்தான் முழுகியிருந்துச்சாம். ஆம்புலன்ஸ் மலைப்பக்கம் சுத்திக்கிட்டுப் போச்சாம்.

— தெரியும். அன்னிக்கும் கூட்டம் இருந்துச்சு. அவர் வரலை. நாங்க எல்லாரும் எழுந்து நின்னோம்.

— அதைத்தான் சொல்றார். 'அன்னிக்கு இந்த அறையில எல்லாரும் எழுந்து என் தெல்மாவுக்காக ஜெபம் பண்ணாங்க, பாதிப் பேர் அழுதாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்புறம் உக்காந்தாங்க. உக்காந்ததும் முதல் வேலையா, பாலம் கட்ட வெச்சிருந்த பணத்தைக் குதிரைப் பந்தய மைதானத்துக் கூரைக்கு மாத்தினாங்க. அழுத கண்ணைத் துடைக்காமலே கையைத் தூக்கினாங்க'ன்னு சொல்றார். அக்கா?

— இருக்கேன்.

— 'நான் உங்கமேல கோபப்படலை, மேலே இருக்கிறவரே. நீங்க இல்லைன்னு நினைக்கிறவன் உங்கமேல எப்படிக் கோபப்பட முடியும்? ஜெபம் பண்ணியாச்சு, நம்ம வேலை முடிஞ்சதுன்னு ஒரு நிம்மதி வருது பாருங்க, அதுமேலதான் கோபம். அந்த நிம்மதியை இந்த அறையில இருந்து எடுத்துடணும்னுதான் நிக்கிறேன்.' மேயர் தலையைக் குனிஞ்சுட்டார். நடிப்பு இல்லை, நிஜமாவே குனிஞ்சுட்டார்.

— பிப், அந்தக் கூரைக்கு நானும் கையைத் தூக்கினேன்.

— ஐயோ.

— முதல் வருஷக் கவுன்சிலர். எல்லாரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். அவருக்கும் தெரியும். அதுக்கப்புறமும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதினா மிட்டாய் கொண்டு வந்து என் பக்கம் நகர்த்தி வெப்பார். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டினதில்லை.

— சொல்லவே இல்லையே நீ.

— உன்கிட்டச் சொன்னா நீ ஜெபம் பண்ணுவே.

— சரி, அதை விடு. தண்ணி இறங்கிச்சா இல்லையா? அவருக்குக் குரல் போயிடுச்சு. இனி ரொம்ப நேரம் ஓடாது.

— அவரை விடாத. இன்னும் கேளு.

— நான் என்ன அவரைப் பிடிச்சா வெச்சிருக்கேன்? இப்போ, இரு, ஹோபார்ட்டைப் பத்திச் சொல்றார்.

— என்னன்னு?

— அங்க குளிராம். மகன் வீட்டு மாடியறை ஜன்னல்ல இருந்து பாத்தா அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியுமாம். 'எனக்கு அங்க போக ஆசை இல்லை. போகாதேன்னு சொல்ல இங்க யாரும் இல்லை, அதான் போறேன். சொல்லுவாங்கன்னு ஒரு நாலஞ்சு வருஷம் காத்திருந்தேன். நானாக் கேக்கத் தைரியம் இல்லை. தீர்மானமா எழுதிக் குடுத்தா ரெண்டு பேர் ஆதரவு வேணும், இதுக்கு ஒரு ஆள் போதும், அந்த ஒரு ஆளுதான் கஷ்டம்.' அக்கா, பார்வையாளர் வரிசையில இருக்கிற பொம்பளைங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்க.

— எதுக்குப் பாத்துக்கிறாங்க?

— எதுக்கா? உன் காலி நாற்காலியையும் பாக்கிறாங்க.

— வேலை இல்லாதவங்க.

— அக்கா, நான் உன் கூடப் பொறந்தவ. மிட்டாய் வாங்கிக்கிறதுக்காக யாரும் அஞ்சு மைல் முன்னாடியே லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு வர மாட்டாங்க.

— எனக்கு வயசு அறுபத்தொண்ணு, பிப்.

— அவருக்கு அறுபத்தேழு. அதனால?

— அதனால வாயை மூடிக்கிட்டு என்ன சொல்றார்னு சொல்லு.

— ஒண்ணும் சொல்லலை.

— ஆமென் சொல்லிட்டாரா?

— இல்லை. நிறுத்திட்டார். கண்ணை மூடிக்கிட்டுச் சும்மா நிக்கிறார். மேயர் 'ஆச்சா கிளெம்'னு மெதுவாக் கேக்கிறார். மேயரே 'ஆமென்'னு சொல்லிப் பாக்கிறார்.

— அது செல்லாது.

— செயலாளரும் அதைத்தான் சொல்றார். ஜெபம் பண்றவர்தான் சொல்லணுமாம். பேசாம நிக்கிறதும் ஜெபம்தானான்னு இப்போ என்னைத் தேடுறாங்க. போதகர் எங்கே, போதகர் எங்கேன்னு.

— போய்ச் சொல்லேன்.

— ஸ்கோன் தட்டுக்குப் பின்னாடி இருந்து என்னத்தைச் சொல்றது? ஆமா, அதுதான் நல்ல ஜெபம்னு கையை மட்டும் நீட்டிக் கட்டை விரலைக் காட்டினேன். அக்கா, விளையாட்டு போதும். அவரால நிக்க முடியலை, மேஜையைப் பிடிச்சிருக்கார். நீ வர்றியா இல்லையா? வரலைன்னா நானே போய் உக்காரச் சொல்றேன். தோத்தாத் தோக்கட்டும்.

— வேண்டாம்.

— பின்ன?

— பிப், நான் உள்ள வந்தா அவர் நிறுத்திடுவார்.

— அதுக்குத்தானே இவ்வளவும்?

— நிறுத்திடுவார். அப்புறம் ஓட்டு. நான் கையைத் தூக்குவேன், ஜெயிச்சிடுவார். எல்லாரும் கை குடுப்பாங்க. அவரும் மிட்டாய் டப்பாவை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஹோபார்ட்டுக்குப் போயிடுவார். இந்த அறையில ஒரு மனுஷன் இப்படி வாயைத் திறந்து பேசினது இதுதான் முதல் தடவை. இதை நிறுத்தறதுக்கு என்னைக் கையைத் தூக்கச் சொல்றியா?

— எதிர்த்து ஓட்டுப் போடப் போறியா?

— தெரியலை. குடுத்த வாக்கு இருக்கு. தெரியலைடி.

— அவரை ஏமாத்தாத அக்கா. பன்னெண்டு வருஷம்.

— தெரியும். அதான் இறங்க முடியாம உக்காந்திருக்கேன்.

— இறங்கவா? எங்க இருந்து இறங்க? நெரிடா, நீ எங்க இருக்கே?

— சும்மா இரு.

— தரைப்பாலத்துலயா இருக்கே?

— அவர் என்ன பண்றார், அதைச் சொல்லு.

— இரு. அவர் கண்ணைத் திறந்துட்டார். மேயரைப் பாக்கலை. இந்தப் பக்கமும் பாக்கலை. தெருப்பக்கம் இருக்கிற பெரிய ஜன்னலையே பாக்கிறார். சிரிக்கிறாரா என்ன? மறுபடியும் பேசப் போறார். எனக்குச் சரியாக் கேக்கலை. போனை ஜன்னல் இடுக்குல வெக்கிறேன், நீயே கேட்டுக்கோ.

— மேலே இருக்கிறவரே, மறுபடியும் கிளெம்தான். மன்னிக்கணும், ஒரு விஷயத்தை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நூலகத்துக்குப் பக்கத்துல, சேறு அடிச்சுப்போன பச்சை வண்டி ஒண்ணு நிக்குது. நான் குழாய்க் கிணறுகளை எண்ணிக்கிட்டிருந்தப்பவே வந்து நின்னுடுச்சு. அதுக்கப்புறம் நான் பேசினது எதுவும் உங்களுக்காகப் பேசினதில்லை. அந்த வண்டியில போனைக் காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவ இறங்கி வரட்டும். என் தீர்மானத்துக்கு எதிராக் கையைத் தூக்கினாலும் சரி, வந்து என் பக்கத்துல நிக்கட்டும். அவ வர்ற வரைக்கும் நான் ஆமென் சொல்றதா இல்லை.